சல்யூட் 7 எப்படி செத்துச்சு, எப்படி எழுப்புனாங்க: மேசை மேல ஒரு ஒயரிங் மாடல்

1985ல சோவியத் ஆளுங்க ரெண்டு பேர், செத்துப்போன ஒரு விண்வெளி நிலையத்த தேடிப்போய் எழுப்பிட்டு வந்தாங்கல்ல, அந்த கதையில எல்லாரும் டாக்கிங்க பத்தி மட்டும்தான் பேசுவாங்க. ஒரு சிக்னலும் குடுக்காத, கிட்டத்தட்ட 20 டன் எடையுள்ள சல்யூட் 7ல கையாலயே ஓட்டிப்போய் ஒட்டினது சாதாரண விஷயம் இல்லதான், ஒத்துக்கிறேன். ஆனா எலக்ட்ரானிக்ஸ் நோண்டுற ஆளா எனக்கு அதுக்கப்புறம் உள்ள போய் அவங்க செஞ்ச பேட்டரி வேலைதான் உண்மையான மீட்புன்னு தோணும். அத சும்மா படிச்சுட்டு விடாம ஒரு பலகை மேல அதே கோளாற உண்டாக்கி, அதே மாதிரி சாகடிச்சு, அதே வழியில எழுப்பி பாத்தேன், அதோட பதிவுதான் இது.

கதை தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா. சல்யூட் 7 மேல போனது 1982 ஏப்ரல்ல. 1984 ஏப்ரல்ல நம்ம ராகேஷ் சர்மா போய் ஒரு வாரம் தங்குனது இதே நிலையத்துலதான். அந்த வருசம் அக்டோபர்ல கடைசியா இருந்த மூணு பேரும் இறங்கிட்டாங்க, அதுக்கப்புறம் ஆள் இல்லாம தானா சுத்திட்டு இருந்துச்சு. 1985 பிப்ரவரி 11ம் தேதி ரேடியோ பக்கம் எலக்ட்ரிக்கல் கோளாறு வந்து தரையோட தொடர்பு அறுந்துபோச்சு. அதோட முடிஞ்சதுன்னுதான் நிறைய பேர் நெனச்சாங்க. ஜூன் 6ம் தேதி பைக்கனூர்ல இருந்து சோயுஸ் டி-13 விண்கலத்துல விளாதிமிர் ஜானிபெக்கோவும் விக்டர் சவினிக்கும் கெளம்புனாங்க, மூணாவது சீட்ட கழட்டிட்டு, தானா டாக் பண்ற (அதாவது போய் ஒட்டிக்கிற) சிஸ்டத்தையும் கழட்டிட்டு (எதிர்ல இருக்குறதுதான் பதிலே சொல்லாதே, அது எதுக்கு), அந்த எடைக்கு கூடுதல் தண்ணியும் எரிபொருளும் ஏத்திக்கிட்டு. ஜூன் 8ம் தேதி ஒட்டிட்டாங்க. ஜானிபெக்கோவ் 1982லயே இதே நிலையத்துல ஆட்டோமேட்டிக் கோளாறானப்ப கையால டாக் பண்ணவரு, அதனால அவர அனுப்புனதுல ஆச்சரியம் இல்ல.

கிட்ட போறப்பவே அவங்களுக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. சோலார் பேனலுங்க எல்லாம் சூரியன பாத்து ஒரே திசையில நிக்கணும், ஆனா அங்க ஒண்ணு ஒரு பக்கம் இன்னொண்ணு வேற பக்கம் திரும்பி நின்னுச்சு. அப்டின்னா பேனல திருப்புற மோட்டாருக்கு கரண்ட் இல்ல, அதாவது நிலையத்துல மொத்தமா கரண்ட் இல்ல.

சரி, மாடலுக்கு வர்றேன். 12 வோல்ட் 10 வாட் சோலார் பேனல் ஒண்ணு ஏற்கனவே மொட்ட மாடில கெடந்துச்சு. பேட்டரிக்கு பழைய யூபிஎஸ்ல இருந்து கழட்டுன 12 வோல்ட் 7 ஏஹெச் ரெண்டு. சாகடிக்கப் போறதால புதுசு வாங்க மனசு வரல, பழைய பேட்டரி எடுக்குற கடை அண்ணங்கிட்ட போய் "அண்ணே, கொஞ்சமாச்சும் உசுரு இருக்குறதா ரெண்டு குடுங்கண்ணே"ன்னு கேட்டா அவரு, "உசுரு இருந்தா எங்கிட்ட ஏன் தம்பி வருது"ன்னு சொல்லிட்டு ரெண்ட தூக்கி குடுத்தாரு. கன்ட்ரோலருக்கு ஆர்டுயினோ நானோங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல 12 வோல்ட் காயில் வச்ச நீல கலர் ரிலே (காயிலுக்கு கரண்ட் குடுத்தா கான்டாக்ட் மூடுற சுவிட்ச்), அத ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர், நானோவுக்கு வோல்டேஜ குறைச்சு 5 வோல்ட் குடுக்க எல்எம்2596 மாட்யூல், ஒரு சின்ன எல்சிடி. இதெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கெடைக்கும். நிலையத்தோட "லோடு"க்கு பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு, ஒரு துண்டு எல்ஈடி ஸ்ட்ரிப்.

கன்ட்ரோலரோட வேலை ரொம்ப சிம்பிள். பேட்டரி வோல்டேஜ 22 கே, 10 கே ரெண்டு ரெசிஸ்டர் வச்சு பிரிச்சு நானோவோட அனலாக் பின்னுல குடுத்திருக்கேன். பேட்டரி 14.4 வோல்ட் வந்தா பின்னுல 4.5 வோல்ட் வரும், நானோ 0 - 5 வோல்ட்ட 0 - 1023ன்னு எண்ணா படிக்கும், அதுல ரீடிங் 920 சொச்சம், உடனே "ஃபுல்"னு ரிலேய விட்டுடும், பேனல் கட். 12.8க்கு இறங்குனா ரீடிங் 820 பக்கத்துல, திரும்ப ரிலேய போடும். வீட்டு சோலார்ல இருக்குற கன்ட்ரோலரோட தாத்தா மாதிரி.

சல்யூட்ல என்ன ஆச்சுன்னா ஒரு பேட்டரி ஃபுல் ஆயிருச்சான்னு பாக்குற சென்சார் கெட்டுப்போய், காலியா இருக்குறப்பவும் "ஃபுல்"னு சொல்ல ஆரம்பிச்சுருச்சு. நிலையம் அத நம்பி பேனல கட் பண்ணும். உள்ள இருந்த டைமர் ப்ரோகிராம் அப்பப்ப பேனல திரும்ப சேர்க்கும், சேர்த்த கையோட சென்சார் மறுபடி "ஃபுல்"னு சொல்லி கட் பண்ணிடும். தரையில இருந்து யாராச்சும் டெலிமெட்ரி (நிலையம் ரேடியோல அனுப்புற ரீடிங்) பாத்துட்டு இருந்திருந்தா ஒரு கமாண்ட்ல சரி பண்ணியிருப்பாங்க, ஆனா ரேடியோ போனதால பாக்க ஆளே இல்ல. ரெண்டு கோளாறும் தனித்தனியா வந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது.

இத மாடல்ல கொண்டுவர நான் கோட்ல பொய் எதுவும் எழுதல. அந்த 10 கே ரெசிஸ்டரோட கிரவுண்டு கால சால்டர விட்டு தூக்கி விட்டேன், அவ்ளோதான். டிரை சால்டர் (சரியா ஒட்டாத சால்டர்) வந்தா நிஜத்துல நடக்குறதும் இதேதான். கீழ் ரெசிஸ்டர் போனா மேல இருக்குற 22 கே வழியா முழு பேட்டரி வோல்டேஜும் பின்ன மேல இழுக்கும், உள்ள இருக்குற கிளாம்ப் டயோடு அத 5க்கு கொஞ்சம் மேல பிடிச்சுக்கும் (22 கே இருக்குறதால கரண்ட் அரை மில்லி ஆம்ப் கூட வராது, நானோவுக்கு ஒண்ணும் ஆகாது), ரீடிங் 1023ல போய் ஒட்டிக்கும். கன்ட்ரோலர் கண்ணுக்கு பேட்டரி ஃபுல்லோ ஃபுல். மாத்தி மேல இருக்குற 22 கே போச்சுன்னா ரீடிங் பூஜ்யம், அப்ப "காலி காலி"ன்னு ராத்திரி பகலா சார்ஜ் ஏத்தி பேட்டரிய கொதிக்க விட்டுடும். எந்த கால் போனாலும் சாவுதான், சாகுற விதம் மட்டும் வேற.

காலத் தூக்குனதும் ரிலே "டிக்"னு விட்டுச்சு. ஃபேனும் லைட்டும் அது பாட்டுக்கு ஓடுது, எல்சிடில "ஃபுல்", பாத்தா எல்லாம் நல்லா இருக்குற மாதிரியே இருக்கு. அதான் இந்த கோளாறோட கெட்ட குணமே. சாயந்திரம் அப்டியே விட்டுட்டு தூங்கப் போய் காலைல வந்து பாத்தா ஸ்ட்ரிப் அணைஞ்சு, எல்சிடி வெளுத்து, ஃபேன் மட்டும் செத்தேனா பொழச்சேனான்னு ஒரு முக்கல் முக்கிட்டு நின்னுட்டு இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள அதுவும் நின்னுபோச்சு, பேட்டரில 3 வோல்ட் சொச்சம்.

இப்பதான் எனக்கு பிடிச்ச இடம் வருது. தூக்கி விட்ட ரெசிஸ்டர் கால திரும்ப சால்டர் பண்ணேன், அதாவது சென்சார் கோளாறு சரியாயிருச்சு. ஆனா ஒண்ணும் நடக்கல. வெயில் மண்டைய பொளக்குது, ரிலே கான்டாக்ட்ல பேனல் பக்கம் மீட்டர் வச்சா 21 வோல்ட், ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி பேட்டரி பக்கம் வச்சா 3 வோல்ட். நடுவுல திறந்து கெடக்குற ஒரு கான்டாக்ட்தான். அது மூடணும்னா காயிலுக்கு 9 வோல்ட்டாவது வேணும், மூட சொல்ல நானோவுக்கு உசுரு வேணும், ரெண்டும் வர வேண்டியது பேட்டரில இருந்து, பேட்டரி சார்ஜ் ஆகணும்னா கான்டாக்ட் மூடணும்.

சல்யூட்ல இருந்ததும் அச்சு அசல் இதே முடிச்சுதான். பேனல பேட்டரியோட சேர்க்குற ரிமோட் சுவிட்சுங்களுக்கு காயில்ல வோல்டேஜ் வேணும், வோல்டேஜ் குடுக்க பேட்டரி இல்ல. கோளாற கண்டுபிடிச்சு சரி பண்ணாலும் நிலையம் தானா எழுந்திருக்காது. வீட்டுல சோலார் வச்சிருக்குறவங்க சிலர் இத பாத்திருப்பீங்க, பேட்டரி மொத்தமா காலியாயிட்டா மலிவான கன்ட்ரோலருங்க நல்ல வெயில்லயும் ஆன் ஆகாது, ஏன்னா அதுங்களுக்கு கரண்டே பேட்டரி பக்கத்துல இருந்துதான். எலக்ட்ரீசியன் வந்து பேட்டரிய தனி சார்ஜர்ல கொஞ்ச நேரம் போட்டு எடுத்து மாட்டுனா உடனே கண்ண முழிச்சுக்கும்.

அப்ப சோயுஸ்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணியிருக்கலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அவங்க அத தொடல. நிலையத்துக்குள்ள எங்கயாச்சும் ஷார்ட் இருந்தா சோயுஸோட எலக்ட்ரிக்கலும் சேந்து போயிரும், வீட்டுக்கு திரும்புற ஒரே வண்டி அதுதான். இது எவ்ளோ நியாயமான பயம்னு பாக்க, லோடு பக்கம் வேணும்னே ரெண்டு ஒயர முறுக்கி ஷார்ட் பண்ணி வச்சுட்டு, நல்ல பேட்டரி ஒண்ணுல இருந்து 2 ஆம்ப்ஸ் ஃப்யூஸ் வழியா ஜம்ப் குடுத்தேன். தொட்ட உடனே ஃப்யூஸ் கண்ணாடி உள்பக்கம் கருப்பாயிருச்சு. ஃப்யூஸ் இல்லாம இத யாரும் செஞ்சு பாக்காதீங்க, லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட்ல ஒயர உருக்கிடும்.

ஆக மிச்சம் இருக்குறது ஒரே வழி, சுவிட்ச் கன்ட்ரோலர் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு பேனல் ஒயர நேரா பேட்டரியில கட்டுறது. சவினிக் செஞ்சது இதுதான். மொதல்ல பேட்டரி ஒண்ணொண்ணா பாத்தாங்க, 8ல 2 தேறாது, 6 தேறும்னு முடிவாச்சு. அப்புறம் கேபிள் தயார் பண்ணி, முனைய சீவி, கையாலயே முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தி பேனலோட சேர்த்தாங்க. உள்ள சுவரெல்லாம் பனி படிஞ்சு கெடந்துச்சு, குளிர் பூஜ்யத்துக்கு கீழ, உள்ள இருந்த தெர்மாமீட்டர் அவ்ளோ கீழ காட்டவே காட்டாது, அதனால தரையில இருந்து சுவத்துல எச்சில் துப்பி எத்தன நொடில உறையுதுன்னு பாக்க சொன்னாங்களாம். ரெண்டு பேரும் கம்பளி குல்லாவும் குளிர் உடுப்பும் போட்டுக்கிட்டாங்க, ஆனா ஒயர முறுக்க கையுறைய கழட்டித்தான் ஆகணும்.

அது எப்டி இருக்கும்னு பாக்க ஒரு பக்கெட்டுல ஐஸ் தண்ணி ரொப்பி கைய தாங்குற வரைக்கும் உள்ள விட்டுட்டு, தொடச்சுட்டு, 14/36 ஒயர் ரெண்ட சீவி முறுக்க பாத்தேன். சீவுறது எப்படியோ நடந்துச்சு. முறுக்குறப்பதான் வேடிக்கை, விரல் அழுத்துதா இல்லையான்னே தெரியல, ஒரு இழை வெளிய நீட்டிட்டு நிக்குறது கண்ணுக்கு தெரியுது ஆனா விரலுக்கு தெரியல. டேப் அதவிட மோசம், குளிர்ந்த டேப்பு வெறும் பிளாஸ்டிக் நாடாதான், ஒட்டவே மாட்டேங்குது, வாய்ல வச்சு ஊதி சூடாக்கி ஒட்ட வேண்டியிருக்கு. எனக்கு வெளிய 36 டிகிரி வெயில், ரெண்டு நிமிசத்துல கை திரும்பிருச்சு. அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

காத்து விஷயமும் சேர்த்து சொல்லிடறேன், ஏன்னா என் மாடல்ல ஃபேன் நின்னப்பதான் அது ஒறைச்சுச்சு. எடையில்லாத இடத்துல சூடான மூச்சு மேல எழும்பி போகாது, ஃபேன் இல்லன்னா விட்ட கார்பன் டை ஆக்ஸைடு மூஞ்சிய சுத்தியே நிக்கும். சீக்கிரமே தலைவலி, சோர்வு. அதனால ஒருத்தர் வேலை பாக்க இன்னொருத்தர் அவர கவனிச்சுக்கிட்டு இருக்கணும்னு சொல்லி இருந்தாங்க.

நேரா கட்டுறதுக்கு முன்னாடி லோடு எல்லாத்தையும் கழட்டிடணும், இல்லன்னா வர்ற கரண்ட அதுங்களே தின்னுடும். பேனல் பிளஸ்ல ஒரு 1என்5822 ஷாட்கி டயோடு போட்டேன், ராத்திரி கரண்ட் திரும்ப பேனலுக்குள்ள போகக்கூடாதுல்ல. மொத பேட்டரி நல்ல பிள்ளை, கட்டுனதும் அரை ஆம்ப்ஸ் பக்கத்துல இழுக்க ஆரம்பிச்சு, 3ல இருந்து வேகமா 10, 11ன்னு ஏறி அதுக்கப்புறம் நிதானமா போச்சு. ரெண்டாவது கட்டுன உடனே 18க்கு எகிறிருச்சு, கரண்ட் பாத்தா சில மில்லி ஆம்ப்ஸ்தான். வோல்டேஜ் மட்டும் பாக்குறவங்க "அட சூப்பரா ஏறுது"ன்னு நெனப்பாங்க, ஆனா சல்பேட் படிஞ்சு உள் ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போனதோட அடையாளம் அது. ரொம்ப காலியான பேட்டரி மொதல்ல கொஞ்ச நேரம் இப்டித்தான் அடம் பண்ணும், அப்புறம் மெதுவா வழிக்கு வரும், அதனால ஒரு நாள் வெயில் முழுக்க விட்டு பாத்தேன், வரல. அது திரும்ப அண்ணன் கடைக்கு போயிருச்சு.

பேனல் கோணமும் பாத்துக்கிட்டேன். நேரா வெயில பாத்து நிக்குறப்ப 0.52 ஆம்ப்ஸ், 60 டிகிரி சாய்ச்சா 0.27. கணக்குப்படி சரியா பாதி வரணும், சுத்தி சிதறி வர்ற வெளிச்சத்துல அந்த கூடுதல். நான் கையால திருப்பிட்டேன். சல்யூட்ல பேனல் மோட்டார் செத்துக் கெடக்கு, ஆகவே சோயுஸ்ல போய் உக்காந்து அதோட சின்ன ராக்கெட்ட தட்டி, சோயுஸ் நிலையம் எல்லாத்தையும் சேர்த்து மொத்தமா திருப்பி பேனல சூரியனுக்கு காட்டுனாங்க. பேட்டரிக்கு சார்ஜ் ஏத்த வண்டியோட எரிபொருள செலவு பண்றது, அதுவும் திரும்பிப்போக வச்சிருக்குற வண்டியில இருந்து. இதுல இருக்குற நெஞ்சழுத்தம் டாக்கிங்குல இருந்தத விட கம்மின்னு நான் சொல்ல மாட்டேன்.

பேட்டரி ஏறுனதும் லைட்டு, ஃபேன், ரேடியோன்னு ஒவ்வொண்ணா எழுந்துச்சு. உடனே சுகமாயிடல, தண்ணி சிஸ்டம் உறைஞ்சு கெடந்ததால கொண்டுபோன தண்ணிய அளந்து அளந்து குடிச்சாங்க, அப்புறம் பனி உருக ஆரம்பிச்சதும் உள்சுவர் பலகைங்க எல்லாத்துக்கும் பின்னாடி ஈரம், கையில கெடச்ச துணிய வச்சு தொடச்சுக்கிட்டே இருக்க வேண்டியதா போச்சு, புதுசா உசுரு வந்த ஒயரிங்ல தண்ணி பட்டா என்ன ஆகும்னு தெரியும்ல. ஜூன் 23ம் தேதி ப்ராக்ரஸ் 24ங்கிற ஆளில்லா சரக்கு விண்கலம் வந்து தண்ணியும் மாத்து பேட்டரியும் குடுத்துச்சு. ஆகஸ்ட் 2ம் தேதி ரெண்டு பேரும் வெளிய போய் கூடுதல் சோலார் பேனலும் மாட்டிட்டாங்க.

மாடல்ல நான் பண்ண மாத்தங்கள சொல்லிடறேன், வீட்டுல சின்ன சோலார் கன்ட்ரோலர் தானா செய்றவங்களுக்கு உதவும். மொத வேலை, எல்எம்2596க்கு கரண்ட் பேட்டரில இருந்து மட்டும் வராம பேனல்ல இருந்தும் ஒரு டயோடு, பேட்டரில இருந்து ஒரு டயோடு, எது அதிகமோ அது குடுக்கும்னு மாத்திட்டேன், 1என்5819 போதும். ரிலே காயிலையும் 5 வோல்ட் காயிலா மாத்தி அதே மாட்யூல்ல இருந்து குடுத்தேன். இப்ப பேட்டரி எவ்ளோ கீழ போனாலும் வெயில் வந்தா நானோ முழிச்சு ரிலேய போட்டுடும். பேட்டரில 3 வோல்ட் இருக்கும்போது ரிலே போட்ட உடனே பேனல் வோல்டேஜும் கீழ இழுபட்டு நானோ அணைஞ்சு, திரும்ப முழிச்சு, டிக் டிக்னு அடிச்சுக்கும், அதனால ரிலே கான்டாக்டுக்கு குறுக்கால ஒரு டயோடும் 100 ஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டரும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா போட்டேன். அது வழியா எப்பவும் கொஞ்சம் கசியும், பேட்டரி தானா மேல வந்துடும், அதுக்கப்புறம் ரிலே ஒழுங்கா நிக்கும். பேட்டரி ஃபுல் ஆனப்புறமும் இந்த கசிவு ஒரு 60 மில்லி ஆம்ப்ஸ் இருக்கும், 7 ஏஹெச்சுக்கு அது தாங்கும், சின்ன பேட்டரின்னா ரெசிஸ்டர பெருசாக்கிக்கோங்க.

நண்பன் ஒருத்தன் "ரிலேல நார்மலி க்ளோஸ்டு கான்டாக்ட்ட யூஸ் பண்ணுடா, கரண்ட் போனா பேனல் தானா சேந்துடும், இவ்ளோ எதுக்கு"ன்னான். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா அப்ப நல்ல வெயில்ல நானோ மட்டும் செத்தா பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகும், பாக்க ஆள் இல்லாத இடத்துல அது காலியாகுறதவிட ஆபத்து. 100 ஓம்ஸ் கசிவு எனக்கு நடுவழியா படுது.

அடுத்தது கோட்ல. "ஃபுல்"னு சொல்லி பேனல கட் பண்ணதுக்கப்புறம் ஃபேன் ஓடிட்டு இருக்கு, அப்ப ரீடிங் கொஞ்ச நேரத்துல இறங்கியே ஆகணும். பத்து நிமிசம் ஆகியும் இறங்காம அதே இடத்துல நின்னா சென்சார நம்பாத, நேரக் கணக்குல கொஞ்சம் சார்ஜ் கொஞ்சம் ஓய்வுன்னு மாறி மாறி ஓட்டு, எல்சிடில சென்சார் எர்ரர்னு காட்டு. 10 கே கால திரும்ப தூக்கி விட்டு பாத்தேன், கரெக்டா பிடிச்சுருச்சு. 1023ன்னு வந்தாலே அது கோளாறுதான்னு ஒரு வரி தனியா எழுதி இருக்கலாம், ஆனா நடுவுல எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு நிக்குற சென்சார அது பிடிக்காது.

இனிமே பாக்கி இருக்குறது ரெண்டு பேட்டரிக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி டிவைடர் (வோல்டேஜ் பிரிக்கிற ரெசிஸ்டர் ஜோடி) போட்டு, ஒண்ணு பொய் சொன்னா அத மட்டும் ஒதுக்கிட்டு இன்னொண்ண வச்சு ஓட்டுறது. அண்ணன் இன்னொரு பேட்டரி எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லி இருக்காரு, இந்த தடவ வாங்குறதுக்கு முன்னாடி கடையிலயே மீட்டர் வச்சு பாத்துட்டுதான் தூக்குவேன்.